"அக்கா எங்க?" - அறிவுசார் மாற்றுத்திறனாளிகளைப் பாத்துக்குற வேலையில ஆளுங்க ஏன் நிலைச்சு நிக்க முடியல

என் தம்பிக்கு 31 வயசு, டவுன் சிண்ட்ரோம், பொறவியிலேயே வர்றது, அறிவுசார் குறைபாட்டுக்கு அதுவும் ஒரு காரணம். கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு வாசலுக்கே காலையில வேன் வரும், டே கேர் சென்டருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு சாயங்காலம் கொண்டாந்து விட்டுரும். போன அஞ்சு வருஷத்துல அங்க அவனைப் பாத்துக்கிட்டவங்க மொத்தம் ஏழு பேர். ஏழாவது ஆள் சேந்து ஒரு மாசம்தான் ஆகுது. ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் வேன் கதவு திறந்ததும் உள்ள எட்டிப் பாத்துட்டு "அக்கா எங்க?"ன்னு கேப்பான், பழைய அக்கா இல்லன்னு தெரிஞ்சா ஏற மாட்டான், பத்து நாள் பதினஞ்சு நாள் இதே கதைதான்.

சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறது ஒரே கேள்வி, "ஏன் ஆளு நிக்க மாட்டேங்குது, சம்பளம் கூடப் போட்டுக் குடுத்தா நிப்பாங்கல்ல?" சம்பளம் பெரிய காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல. நானே கல்யாணத்துக்கு முன்னாடி புதுச்சேரி பக்கம் ஒரு ஹோம்ல, அதாவது இவங்களைத் தங்க வச்சுப் பாத்துக்குற இல்லத்துல, ரெண்டரை வருஷம் வேலை பாத்தவ, அதனால ரெண்டு பக்கமும் நின்னு பாத்திருக்கேன். இந்த விஷயம் புதுசா இருக்குறவங்களுக்குப் புரியுற மாதிரி முதல்லேர்ந்து சொல்றேன்.

அறிவுசார் குறைபாடுன்னா என்னன்னு முதல்ல. முன்னாடி மனவளர்ச்சி குன்றியவங்கன்னு சொல்வாங்க, இன்னும் பழைய போர்டுகள்ல அப்படித்தான் இருக்கும், 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்துல அந்தப் பேரை எடுத்துட்டாங்க. இது மனநோய் இல்ல, இத ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க படிச்சவங்கள்லயே நிறைய பேர். மனநோய் எந்த வயசுலயும் வரலாம், மருந்துல குணமாகலாம். இது வளர்ற காலத்துலயே இருக்கும், கத்துக்குறது, யோசிச்சு முடிவு எடுக்குறது, தன் வேலைய தானே பாத்துக்குறது இதெல்லாம் வயசுக்கு ஏத்த மாதிரி வராது. ஐக்யூ ஏறக்குறைய 70க்குக் கீழ இருக்கணும், அதோட அன்றாட வாழ்க்கைத் திறன்லயும் குறை இருக்கணும், ரெண்டும் சேந்தாத்தான் கணக்கு. இதுல பெரும்பாலானவங்களுக்கு லேசான அளவுதான், கொஞ்சம் பழக்கிவிட்டா வேலைக்கே போவாங்க. மீதி இருக்குறவங்கள்ல பல பேருக்குத்தான் பல்லு தேய்க்குறதுலேர்ந்து ராத்திரி தூங்குற வரைக்கும் பக்கத்துல ஒரு ஆள் வேணும். 2011 சென்ஸஸ் கணக்குப்படி நாடு முழுக்க இந்தக் குறைபாடு உள்ளவங்க 15 லட்சம் பேர், அதுவே எடுத்த கணக்குல வந்தவங்க மட்டும்தான், வீட்டுக்குள்ளயே மறைச்சு வச்சிருந்தவங்கள யாரு போய் எண்ணுனா?

அப்படிப் பக்கத்துலயே இருந்து பாத்துக்குற ஆளைப் பத்திதான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவுல இவங்களுக்கு டைரக்ட் சப்போர்ட் புரொஃபஷனல்னு ஒரு பேரே இருக்கு. நம்ம ஊர்ல ஆயான்னு ஒருத்தர் சொல்வாரு, ஹெல்பர்னு ஒருத்தர், கேர்டேக்கர்னு ஒருத்தர், சில ஹோம்ல அம்மான்னே கூப்பிடுவாங்க. பேரு எதுவா இருந்தாலும் பரவாயில்லன்னு தோணும், ஆனா பேரு இல்லாத வேலைக்கு கிரேடு கிடையாது, புரமோஷன் கிடையாது, பத்து வருஷம் பாத்தாலும் நேத்து சேந்தாலும் ஒரே ஆயாதான். ஸ்பெஷல் டீச்சர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இவங்கல்லாம் 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும். நாள் முழுக்கக் கூடவே இருந்து சோறு ஊட்டிக் குளிப்பாட்டுற ஆளுக்கு அப்படி எந்தப் பதிவும் கட்டாயம் இல்ல. வாரத்துல அரை மணி நேரம் பாக்குற ஆளுக்கு சர்டிபிகேட் உண்டு, எட்டு மணி நேரம் பாக்குறவங்களுக்கு இல்ல.

"சோறு ஊட்டுறதுக்கு என்ன படிப்பு"ன்னு கேப்பீங்க. நான் சேந்த முதல் வாரம் நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஹோம்ல ஒரு பையன் இருந்தான், 20 வயசு இருக்கும், பேச்சு கிடையாது, சரியா மெல்ல வராது. இட்லிய சாம்பார்ல நல்லா ஊறப் போட்டு ஸ்பூன்ல குடுக்கணும்னு சொன்னாங்க, குடுத்தேன், ரெண்டாவது வாயிலயே புரை ஏறி முகம் செவந்து போச்சு. அங்க ஒரு அக்கா இருந்தாங்க, பாகூர் பக்கத்துலேர்ந்து வர்றவங்க, ஓடி வந்து அவனை முன்னாடி சாய்ச்சுப் பிடிச்சு சரி பண்ணிட்டு அப்புறம் நிதானமா சொன்னாங்க, "தண்ணியா இருந்தா அவனுக்கு ஆகாது டீ, கெட்டியா மசிச்சுக் குடு, நீ நின்னுக்கிட்டு ஊட்டாத, அவன் அண்ணாந்து பாப்பான் பாரு, அப்ப தொண்டைக்குள்ள நேரா போய்டும், நீ கீழ உக்காந்துக்கோ, அவன் குனிஞ்சு வாங்கட்டும், முழுங்கிட்டானான்னு தொண்டைய பாரு, வாய பாக்காத." நாலே நாலு விஷயம், எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல, அந்தக்காவும் படிச்சதில்ல, ஆறு வருஷம் அவனுக்கு ஊட்டி ஊட்டித் தெரிஞ்சுக்கிட்டது. தப்பா ஊட்டினா சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும், இவங்கள்ல நிறைய பேர் சாகுறதே அப்படித்தான், அதனால இது ஒண்ணும் சின்ன வேலை இல்ல.

இதான் இந்த வேலையோட மையமே. பேசத் தெரியாத ஒருத்தரோட பாஷை அவங்களைப் பாத்துக்குற ஆளோட தலைக்குள்ள மட்டும்தான் இருக்கும். அவங்க வேலைய விட்டா அந்த பாஷையும் கூடவே போய்டும். பனியன் கம்பெனியில ஒருத்தர் போனா மிஷின் அங்கயேதான் இருக்கும், இன்னொருத்தர் வந்து உக்காந்து தைப்பாரு. இங்க அப்படி இல்ல.

என் தம்பி விஷயத்துலயே நடந்துச்சு. மூணாவதா இருந்த அக்கா போன பிறகு புதுசா ஒரு பொண்ணு வந்தா, பாவம் நல்ல பொண்ணுதான். ஒரு நாள் சாயங்காலம் "இன்னைக்கு ரொம்ப அடம், தட்டைத் தள்ளிவிட்டான், கன்னத்துல அவனே அடிச்சுக்கிட்டான்"னு சொல்லி அனுப்புனா. அடுத்த நாளும் அதே. மூணாவது நாள் எங்கம்மா பழைய அக்காவுக்கு போன் போட்டாங்க, அவங்க கேட்ட முதல் கேள்வி "எந்தப் பக்கம் கன்னம்மா?" எங்கம்மா "இடது பக்கம்"னாங்க, "அப்ப கடவாய்ப் பல்லு பாருங்க, போன தடவையும் இப்படித்தான் பண்ணான்"னு சொல்லிட்டாங்க. பல் டாக்டர்கிட்ட போனா சீழ் வச்சிருக்கு. மூணு நாள் வலியில துடிச்சிருக்கான், நாங்க எல்லாம் அடம்னு சொல்லிட்டிருந்தோம். அந்தப் புதுப் பொண்ணைக் குத்தம் சொல்ல எனக்கு மனசே வரல, அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்குடுக்கல, சேந்த அன்னைக்கே எட்டு பேரை ஒப்படைச்சிருக்காங்க.

டர்ன்ஓவர்னு ஒரு வார்த்தை சொல்வாங்க, அதுவும் தெரிஞ்சுக்கணும். ஒரு வருஷத்துல மொத்த ஆளுங்கள்ல எத்தனை பேர் வேலைய விட்டுப் போனாங்கங்கிறதுதான் அது. பத்து ஆயா இருக்குற இடத்துல வருஷத்துல நாலு பேர் போனா 40 சதவீதம். இந்த 40 நான் சும்மா சொன்ன நம்பர் இல்ல, அமெரிக்காவுல இந்த வேலையில இருக்குறவங்கள வச்சு வருஷா வருஷம் சர்வே எடுக்குறாங்க, அதுல சமீப வருஷங்கள்ல வந்ததே ஏறக்குறைய அந்த அளவுதான். அவ்ளோ பணக்கார நாட்டுலயே இதான் நிலைமைன்னா இது ஏதோ நம்ம ஊரு ஆளுங்களுக்குப் பொறுமை இல்லங்கிற விஷயம் இல்ல, வேலையோட அமைப்புலயே கோளாறு இருக்கு.

அது எப்படி சுத்துதுன்னா, ஒருத்தர் போறாங்க, புது ஆள் கிடைக்க ரெண்டு மாசம் ஆகுது, அந்த ரெண்டு மாசம் மீதி இருக்குறவங்க டபுள் டூட்டி பாக்குறாங்க, லீவு கேட்டா கிடைக்காது, ஒடம்பு போய்டுது, அதுல இன்னொருத்தர் விட்டுட்டுப் போறாங்க, இப்ப ரெண்டு பேர் குறைச்சல். புது ஆளுக்கு சொல்லிக்குடுக்க வேண்டிய பழைய ஆளுக்கு மூச்சு விடவே நேரம் இல்ல, சொல்லிக்குடுக்காததால புது ஆள் பயந்து போய் முதல் மாசத்துலயே ஓடிடுது. நான் இருந்த ஹோம்ல சேந்து மூணு நாள்ல போனவங்கள எல்லாம் பாத்திருக்கேன், சாப்பாட்டு டப்பாவக் கூட எடுக்காம போன ஒருத்தங்க உண்டு.

இப்ப பணத்துக்கு வர்றேன், ஏன்னா இங்கதான் நம்ம எல்லாருக்கும் பங்கு இருக்கு. ஒரு ஹோம் எதுல ஓடுது? கொஞ்சம் அரசு மானியம், வசதி இருக்குற குடும்பங்க கட்டுற ஃபீஸ், மீதி டொனேஷன். நம்ம ஊர்ல டொனேஷன்னா என்ன? பொறந்த நாளு, கல்யாண நாளு, அப்பாவோட நினைவு நாளு, ஒரு வேளை சாப்பாடு. மதியம் வடை பாயசத்தோட போட்டு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. தப்பே இல்ல, அந்தச் சாப்பாட்டுக்காக பசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, நானே பாத்திருக்கேன். ஆனா ரெண்டரை வருஷத்துல ஒருத்தர் கூட வந்து "இந்த மாசம் ராத்திரி டூட்டி ஆயாவோட சம்பளத்தை நான் குடுக்குறேன்"னு சொல்லி நான் கேட்டதில்ல. அரிசி மூட்டை வரும், போர்வை வரும், பழைய துணி மலை மாதிரி வரும், சம்பளம் மட்டும் வராது. அதனால அரிசி நிறைய இருக்கும், ஊட்ட ஆள் இருக்காது. ஆயா சம்பளத்துக்குக் காசு குடுத்தா யாரோ பாக்கெட்டுல போற மாதிரி நமக்கு ஒரு எண்ணம், அத மாத்திக்கணும்னு நான் உறுதியா நினைக்குறேன்.

அப்ப எனக்கு மாசம் 7,500 குடுத்தாங்க. கடலூர்லேர்ந்து தினம் பஸ்ல முள்ளோடை தாண்டிப் போய் வரணும். அதே சமயம் புதுச்சேரியில எத்தனை மெடிக்கல் காலேஜ், எத்தனை பிரைவேட் ஆஸ்பத்திரி, அங்க வார்டு வேலைக்குப் போனா இதைவிடக் கூட, யூனிஃபார்ம் உண்டு, ஷிப்ட் முடிஞ்சா கையெழுத்து போட்டுட்டுக் கிளம்பிடலாம். சென்னைக்கு ஹோம் நர்ஸா போனா சாப்பாடு தங்குற இடம் போக இன்னும் ஜாஸ்தி. துணிக்கடையில நின்னா கால் வலிக்கும், ஆனா யாரும் கடிக்க மாட்டாங்க. இத்தனையும் பாத்துட்டு ஒருத்தங்க இங்கயே இருக்காங்கன்னா அவங்களுக்கு அந்தப் பசங்க மேல பாசம் வந்துருச்சுன்னு அர்த்தம், அந்தப் பாசத்தை வச்சே சம்பளத்தைக் குறைச்சுக் குடுக்குறாங்க, இத நான் கோவமாவே சொல்றேன், "இது சேவைம்மா"ன்னு சொல்லி வாய அடைக்குறது நியாயமே இல்ல. சேவைக்கும் வாடகை கட்டணும்.

பிஎஃப், இஎஸ்ஐ விஷயம் இன்னொண்ணு. பிஎஃப் கட்டாயம் ஆகணும்னா பொதுவா 20 பேர் வேலை பாக்கணும், இஎஸ்ஐக்கு 10 பேர். சின்ன டிரஸ்ட்ல டிரைவர், சமையல், வாட்ச்மேன் எல்லாம் சேத்தாலே எட்டு ஒம்போது பேர்தான் இருப்பாங்க, அப்ப ரெண்டும் கிடையாது. சொல்லப்போனா முதுகு வலி வர்றதுக்குன்னே இருக்குற வேலை இது, 60 கிலோ ஆளை கட்டில்லேர்ந்து தூக்கி பாத்ரூம்ல உக்கார வைக்கணும், தூக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு, முழங்காலை மடக்கி ஆளை உடம்போட ஒட்டிப் பிடிச்சுத் தூக்கணும், அத யாரும் சொல்லிக்குடுக்காம குனிஞ்சு தூக்கித் தூக்கி டிஸ்க் போய்டும். போனா ஆஸ்பத்திரிச் செலவு அவங்க சொந்தக் காசு.

அடி கடி பத்தியும் மறைக்காம சொல்லணும். சில பேருக்குக் கோவம் வந்தா, இல்ல சத்தம் தாங்காம போனா, முடியப் பிடிச்சு இழுப்பாங்க, கடிப்பாங்க. அது கெட்ட புத்தி இல்ல, சொல்லத் தெரியாத ஏதோ ஒண்ணு. தெரிஞ்ச ஆளா இருந்தா மிக்சி சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அவங்களை வெளியில கூட்டிட்டுப் போய்டுவாங்க. தெரியாத ஆள் கடி வாங்குவாங்க. கடி வாங்கி அழுதுக்கிட்டே பாத்ரூம்ல நின்னு மூஞ்சக் கழுவிட்டுத் திரும்ப வந்து அதே ஆளுக்கு டீ குடுத்திருக்கேன், அந்த நாள் முழுக்க யாரும் "ஒனக்கு என்னம்மா ஆச்சு"ன்னு கேக்கல. இன்னொரு பக்கம், இப்படி ஆளு பத்தாம தூக்கம் இல்லாம இருக்குற இடத்துலதான் பசங்களை அடிக்குறதும் கட்டிப் போடுறதும் நடக்குது. அத எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. ஆனா கேமரா மாட்டிட்டா போதும்னு நெனைக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ராத்திரி 14 பேருக்கு ஒரே ஒரு ஆயா இருக்குற ஹோம்ல கேமரா அதைப் படம்தான் எடுக்கும், இன்னொரு ஆளை அனுப்பாது.

பிட்ஸ் விஷயமும் இருக்கு. அறிவுசார் குறைபாடு இருக்குறவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு வலிப்பும் இருக்கும். வந்தா கையில சாவிக்கொத்து குடுக்குறது, வாய்க்குள்ள ஸ்பூன் வைக்குறது எல்லாம் கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், பக்கத்துல இடிக்குற பொருளை நகத்தணும், மணி பாக்கணும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா உடனே ஆஸ்பத்திரி. இந்த நாலு வரியக்கூட சொல்லாம ராத்திரி டூட்டிக்கு ஆள் போடுறாங்க.

ஆம்பள ஆளுங்க கிடைக்காதது தனிப் பிரச்சினை. வளந்த பசங்களைக் குளிப்பாட்ட, ஷேவ் பண்ண ஆம்பள கேர்டேக்கர் வேணும், இது பொம்பளை வேலைன்னு அவங்க வர்றதே இல்ல.

எங்க பக்கத்துக்குன்னே இன்னொரு கஷ்டம் உண்டு, புயல். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், அப்புறம் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்த அன்னைக்கு 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு. என் ஃபிரெண்ட் ஒருத்தி இன்னும் ஒரு ஹோம்ல வேலை பாக்குறா, சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு டூட்டிக்குப் போனவ, மாத்திவிட வேண்டிய ஆள் வர வழியில்ல, பஸ் இல்ல, ரோடெல்லாம் தண்ணி, திங்கக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தா. கரண்ட் இல்லாம இருட்டுல காத்து சத்தத்துக்குப் பயந்து கத்துற பதினோரு பேரை ரெண்டு பேரா வச்சுக்கிட்டு, மாத்திரை டப்பாவ டார்ச் அடிச்சுப் பாத்துக் குடுத்திருக்காங்க. அவளோட சொந்த வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துருச்சு, அவ புள்ளைங்க அவ மாமியார் கூட மாடியில இருந்துச்சுங்க. மழைக்காலம்னா முன்கூட்டியே யாரு தங்குறது, தங்குறவங்களுக்கு எவ்ளோ, அவங்க வீட்டை யாரு பாக்குறதுன்னு எழுதி வைக்கணும்ல? எங்க பாத்தாலும் அரிசி பருப்பு ஸ்டாக்கு மட்டும்தான் எழுதி வைக்குறாங்க.

தேவை இன்னும் ஏறத்தான் போகுது. அமெரிக்கக் கணக்குப்படி டவுன் சிண்ட்ரோம் இருக்குறவங்களோட சராசரி ஆயுசு 1983ல 25 வயசு, இப்ப 60 கிட்ட. ரொம்ப சந்தோஷமான விஷயம். ஆனா தம்பிக்கு 60 ஆகும்போது எங்கம்மாவுக்கு என்ன வயசு ஆகும்? டவுன் சிண்ட்ரோம்ல மறதி நோயும் மத்தவங்களைவிட சீக்கிரமே வரும், அப்ப இன்னும் அனுபவப்பட்ட ஆள் வேணும். முன்னாடி கூட்டுக் குடும்பத்துல சித்தி, அத்தை, பெரியம்மான்னு நாலு கை இருந்துச்சு, இப்ப வீட்டுக்கு ரெண்டு புள்ளைங்க, ஒண்ணு வெளியூர்ல.

என்ன இருக்கு நமக்கு? 1999ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும். 18 வயசுக்கு மேல சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமிக்குறது இதுலதான், கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி பண்ணும். நிராமயான்னு வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு, கேர்கிவர்களுக்குப் பயிற்சி குடுக்க சஹயோகின்னு ஒரு திட்டமும் கொண்டு வந்தாங்க. 2016 சட்டத்துல அதிக உதவி தேவைப்படுறவங்களுக்கு பராமரிப்பாளர் படி குடுக்கணும்னே எழுதியிருக்கு. தமிழ்நாட்டுப் பக்கம் உலக வங்கி உதவியோட ரைட்ஸ் திட்டம், அதுல விழுதுகள்னு மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை மையங்க திறக்குறாங்க. முட்டுக்காட்டுல இருக்குற தேசிய நிறுவனத்துக்கு ஈசிஆர்ல போய்ட்டு வந்துரலாம், பல்வகைக் குறைபாடுகளுக்குன்னே மத்திய அரசு வச்சிருக்குறது. கடலூரும் புதுச்சேரியும் பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் ரெண்டு அரசாங்கம், உதவித்தொகைக்கு வீட்டு விலாசம் எங்க இருக்கோ அங்கதான் அலையணும், ஹோம் இருக்குற ஊர்ல இல்ல, இது தெரியாம நிறைய பேர் ரெண்டு ஆபீஸுக்கும் நடந்துட்டு இருக்காங்க.

குடும்பமா நாம பண்ண முடிஞ்சது ஒண்ணு சொல்றேன், பல்லு விஷயத்துக்கு அப்புறம் நான் பண்ணது. ஒரு முழு தாள்ல தம்பியப் பத்தி எழுதி லேமினேட் பண்ணி வேன்லயே குடுத்து விட்டுட்டேன். வியாதி பேரு எல்லாம் கீழதான், மேல முதல் வரி "கன்னத்துல அடிச்சுக்கிட்டா பல்லு வலி, வயித்தைத் தட்டினா பாத்ரூம் போகணும்." அப்புறம் காலையில முதல்ல அவன் கையக் குடுப்பான், பிடிச்சுக் குலுக்கிட்டுத்தான் பேசணும். டீ ஆறிப்போனாத்தான் குடிப்பான். சிகப்பு சட்டை போட மாட்டான், வற்புறுத்த வேணாம். தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, டேய்னா திரும்ப மாட்டான். ஆறாவது ஆள் போகும்போது அந்தத் தாளை ஏழாவது ஆள்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க, தம்பி நாலே நாள்ல வேன்ல ஏறிட்டான்.

போன வாரம் அந்தத் தாளை வாங்கிப் பாத்தேன். பின்பக்கம் புது அக்கா பால்பாயிண்ட் பேனாவுல ரெண்டு வரி சேத்து வச்சிருக்காங்க, லேமினேஷன் மேல ஒட்டாதுன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்காங்க. "மழை வந்தால் ஜன்னல் பக்கம் உட்கார வைக்கவும், பார்க்கப் பிடிக்கும். இடி இடித்தால் காதைப் பொத்தி விடவும்." 31 வருஷமா கூட இருக்கேன், ஜன்னல் விஷயம் எனக்கே தெரியாது.